மதர்போட்டை மாற்றுமுன் வெப்பநிலையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலையில் வீட்டில் இருந்தபடியே பதினெட்டு ஆண்டுகளாகக் கணினி திருத்தி வருகிறேன். வைகாசி பிறந்து கச்சான் காற்று அனலாக வீசத் தொடங்கியதும், "மத்தியானத்தில் தானாகவே நின்றுவிடுகிறது" என்ற முறைப்பாட்டோடு கணினிகள் என்னிடம் வந்து சேரும். அவற்றில் பலவற்றுக்கு எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பெரிய பலகையான மதர்போட்டிலும் பழுதில்லை, ஹார்ட் டிஸ்கிலும் பழுதில்லை. கணினியின் மூளையான புரொசசருக்கும், அதைக் குளிர்விக்க அதன்மேல் பொருத்தும் கூலருக்கும் நடுவே இடப்படும் தெர்மல் பேஸ்ட் என்ற வெப்பப் பசை காய்ந்து போயிருக்கும், அல்லது முன்னர் திருத்தியவர் அதை முறையாகப் போடாமல் விட்டிருப்பார். இந்தச் சிறு வேலை ஒழுங்காக நடக்காததால் எங்கள் மாவட்டத்துக் குடும்பங்கள் வீணாகப் பணத்தை இழப்பதைக் கண்டு மனம் பொறுக்காமலே இதனை எழுதுகிறேன்.

கடந்த ஆனி மாதத்தில் தம்பலகாமத்தைச் சேர்ந்த கமக்காரர் ஒருவர், உயர்தரத்தில் படிக்கும் தன் மகளின் கணினியைப் பழைய பெட்சீற்றில் சுற்றி மோட்டார் சைக்கிளில் கொண்டு வந்தார். "தம்பி, போட் போயிட்டுதாம், மாத்த வேணுமாம், ஒருக்கா நீங்களும் பாருங்கோ" என்றார். அதற்கு முன்பே இரண்டு தடவை விண்டோஸ் புதிதாகப் போட்டு, அதற்கும் காசு கொடுத்திருக்கிறார். கூலரைக் கழற்றினேன். தொழிற்சாலையில் பூசப்பட்ட சாம்பல் நிறப் பசை, வெற்றிலைத் தட்டத்தின் ஓரத்தில் காய்ந்து கிடக்கும் சுண்ணாம்பைப் போல வெடித்து, நகம் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. அதைத் துடைக்காமலே அதன்மேல் யாரோ புதிய வெள்ளைப் பசையைப் போட்டிருந்தார். கூலரின் நான்கு பிளாஸ்ரிக் ஊசிகளில் ஒன்று துளைக்குள் இறங்கவேயில்லை. ஆகையால் கூலர் ஒரு மூலையில் தூக்கிக்கொண்டு நின்றது. இரண்டு முகங்களையும் துடைத்துப் புதுப் பசை இட்டு, நான்கு ஊசிகளையும் 'டிக்' என்று ஒலிக்கும்வரை இறக்கிய பின், முன்பு 98 பாகை செல்சியஸ் வரை ஏறிய வெப்பநிலை அதே வேலைக்கு 67 பாகையில் நின்றது.

புரொசசரின் மேல்தகடும் கூலரின் அடித்தகடும் கண்ணுக்கு மழமழப்பாகத் தெரிந்தாலும், நுண்ணிய மேடு பள்ளங்கள் நிறைந்தவை. ஒன்றின்மேல் ஒன்றை வைத்தால் மேடுகள் மட்டுமே தொட்டுக்கொள்ள, பள்ளங்களில் காற்று அடைபட்டுக் கிடக்கும். வெப்பத்தைக் கடத்தும் திறனை எண்ணில் சொன்னால், ஒரு மீற்றருக்கு ஒரு கெல்வினுக்குச் செம்புக்கு ஏறத்தாழ 400 வாட், கடையில் கிடைக்கும் பசைகளுக்கு 4 முதல் 12 வரை, காற்றுக்கோ வெறும் 0.026. பசை காற்றைவிட நூறு மடங்குக்கு மேல் நல்லது, ஆனால் செம்போடு ஒப்பிட்டால் மிக மோசமானது. எனவே பள்ளங்களை நிரப்ப அது வேண்டும், ஆனால் தடித்த படலமாகக் கிடக்கக் கூடாது. 65 வாட் புரொசசர் ஒன்றின் வெப்பம் முழுவதும் தீப்பெட்டி அளவிலான தகட்டின் வழியாகத்தான் வெளியேற வேண்டும். முன்பு எங்கள் வீடுகளில் எரிந்த 60 வாட் குமிழைக் கையால் தொட்டவர்களுக்கு அந்தச் சூடு எவ்வளவென்று தெரியும். வழி அடைபட்டால் புரொசசர் 100 பாகையை அண்மிக்கும்போது தன் வேகத்தைத் தானே குறைக்கும். அப்போதும் சூடு அடங்காவிட்டால் கணினி நின்றுவிடும். இதைத்தான் வைரஸ் என்றும் போட் பழுது என்றும் சொல்லிவிடுகிறார்கள்.

பசை போடுவதைவிட, அதற்கு முந்தைய துடைப்பையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். 90 வீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோப்பைல் அற்ககோலை நூல் உதிராத துணியில் நனைத்து இரண்டு முகங்களும் பளிச்சிடும்வரை துடைக்க வேண்டும். பின்னர் விரல் படக் கூடாது, விரலின் எண்ணெய் அங்கே படிந்துவிடும். சதுரமான புரொசசரின் நடுவில் பட்டாணி அளவில் ஒரு துளி போதும். இன்டெலின் 12ஆம் தலைமுறையிலிருந்து வரும் நீள்சதுர வகைக்கு நீளவாக்கில் ஒரு கோடாக இடலாம். கூலரின் அழுத்தமே பசையைப் பரப்பிவிடும். அளவு சற்றுக் கூடினால் ஓரத்தால் பிதுங்குமே தவிர, வெப்பத்துக்குப் பெரிய நட்டமில்லை. குறைந்தால்தான் மூலைகள் வெறுமையாகக் கிடக்கும். ஆகவே பயந்து பயந்து எள்ளளவு வைப்பதை நான் ஏற்பதில்லை. ஊசிக்குப் பதிலாகத் திருகாணியால் பூட்டும் கூலரானால், திருகாணிகளை ஒரு மூலை, அதன் எதிர் மூலை என்று மாறி மாறிச் சிறிது சிறிதாக முறுக்க வேண்டும். வைத்த கூலரை இடையில் தூக்கிப் பார்த்தால் காற்று புகுந்துவிடும். துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். புதுக் கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்ரிக் தாளை உரிக்காமலே பொருத்திய கணினிகளும் என் மேசைக்கு வந்திருக்கின்றன.

ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 வகைப் புரொசசர்களைக் கழற்றுவோர் மேலும் கவனமாக இருக்க வேண்டும். அவற்றின் 1331 கால்களும் புரொசசரிலேயே இருப்பதால், காய்ந்த பசையோடு கூலரை நேரே இழுத்தால் புரொசசரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வந்து கால்கள் வளைந்துவிடும். கணினியைச் சில நிமிடங்கள் ஓடவிட்டுப் பசை இளகியதும், மின்சாரத்தை நிறுத்தி, கூலரை இடமும் வலமுமாக மெதுவாகத் திருகி எடுக்க வேண்டும். காணொளிகளைப் பார்த்துவிட்டு, பசைக்குப் பதிலாக இடும் திரவ உலோகத்தை வாங்க நினைக்கும் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை: அதிலுள்ள கலியம் என்ற உலோகம் அலுமினியத்தை அரித்துவிடும், சிந்தினால் மின்சுற்றில் குறுஞ்சுற்றும் ஏற்படும். சாதாரணப் பசையே உங்களுக்குப் போதும்.

கணினித் திருத்தகங்களை நடத்தும் சகோதரர்களிடம் நான் கேட்பது இரண்டு. மதர்போட்டை மாற்றச் சொல்வதற்கு முன் வெப்பநிலையை உரியவர் கண் முன்னே ஒரு தடவை காட்டுங்கள். பசை மாற்றிய திகதியைப் பற்றுச்சீட்டிலும் கணினிப் பெட்டியின் உட்புறத்திலும் எழுதிவிடுங்கள். தொழிற்பயிற்சி நிலையங்களில் கற்பிப்போர், கழித்து ஒதுக்கிய கணினி ஒன்றையாவது மாணவர் கையில் கொடுத்து, கூலரைக் கழற்றிப் பூட்டப் பழக்க வேண்டும். கரும்பலகையில் வரைந்து காட்டினால் ஊசி இறங்கும் ஒலி எவருக்கும் கேட்காது. பெற்றோரும் கடையில் "வெப்பநிலை எத்தனை காட்டியது?" என்று கேளுங்கள். அதற்கு ஓர் எண்ணைச் சொல்ல முடியாதவர் மதர்போட் மாற்ற வேண்டும் என்றால், கணினியைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கணினி திருத்துநர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.