கடைசி பெஞ்சில் ஒரு பீரியட்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். "படிப்பில் மனசே ஒட்டவில்லை, எந்நேரமும் செல்போன்தான்" என்று இந்த மாதம் உங்களில் பலர் வந்து சொல்லிவிட்டீர்கள். செல்போனைத் திட்டுவது சுலபம், நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் கோளாறு எங்கள் பக்கமும் இருக்கலாமோ என்ற உறுத்தலில், போன வாரம் எட்டாம் வகுப்புக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

அறிவியல் பாடம். "அவ்வளவு பெரிய இரும்புக் கப்பல் மிதக்கிறது, சின்ன ஆணி ஏன் மூழ்குகிறது?" என்று கேட்டார் ஆசிரியை. நல்ல கேள்வி. கேட்ட மாத்திரத்தில் வழக்கமான நான்கு கைகள் எழுந்தன. ஒருவன் பதில் சொன்னான். "வெரிகுட்." பாடம் நகர்ந்துவிட்டது. என் பக்கத்தில் இருந்த சிறுமி அப்போதுதான் நோட்டின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கிண்ணம் வரைந்து, அதன் விளிம்புக்குச் சற்றுக் கீழே தண்ணீர்க் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். விடைக்குப் பாதி வழி வந்துவிட்டாள். "வெரிகுட்" காதில் விழுந்ததும் ரப்பரை எடுத்து அழித்துவிட்டாள். அப்புறம் பீரியட் முடியும்வரை ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆசிரியையைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நானும் இத்தனை வருடம் அப்படித்தான் பாடம் நடத்தியிருக்கிறேன். வகுப்பு அமைதியானால் எங்களுக்குக் கை நடுங்கும். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களிலேயே வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து இதை அளந்து பார்த்திருக்கிறார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் காத்திருந்தது சராசரியாக 1 விநாடி. 3 விநாடிக்கு மேல் காத்திருந்தபோது பதில்கள் நீண்டன, பதிலே வராமல் போவது குறைந்தது, பிள்ளைகளே கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள்.

அதனால் இனி கேள்வி கேட்டவுடன் யாரும் கை தூக்கக் கூடாது என்று முடிவெடுத்திருக்கிறோம். முதலில் நோட்டில் எழுத வேண்டும், பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிப் பார்க்க வேண்டும். அதற்கப்புறம் ஆசிரியர் யாரை வேண்டுமானாலும் எழுப்புவார். பாடம் கொஞ்சம் மெதுவாகத்தான் போகும். ஸ்மார்ட் போர்டு வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள் சிலர். வாங்கலாம், தப்பில்லை. அதுவும் கேட்ட விநாடியே விடையைக் காட்டினால் பழைய கதைதான்.

வீட்டு விஷயம் ஒன்று. "இதைப் படித்தால் அது வாங்கித் தருகிறேன்" என்று பேரம் பேசுகிறோம், இல்லையா? லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய உளவியலாளர்கள் 1973இல், ஆசையாகப் படம் வரையும் மழலையர் பள்ளிக் குழந்தைகளில் சிலரிடம் மட்டும் "வரைந்தால் சான்றிதழ் உண்டு" என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால், அந்தக் குழந்தைகள் வரைந்த நேரம் மற்றவர்களைவிட வெகுவாகக் குறைந்திருந்தது. எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களுக்கு ஆசை குறையவில்லை. பிடிக்காத வேலையைத் தொடங்கிவைக்கச் சின்னப் பரிசு கொடுங்கள், சரி. தானாக விரும்பிப் படிக்கும் பாடத்துக்கு மட்டும் விலை பேசாதீர்கள்.

புதன்கிழமைகளில் மூன்றாம் பீரியடில் உங்களுக்காகக் கடைசி வரிசையில் இரண்டு நாற்காலி போட்டிருக்கும். முந்தைய நாளே அலுவலகத்தில் பெயர் கொடுத்துவிடுங்கள். வகுப்புக்குள் போகும்முன் உங்கள் செல்போனையும் அங்கேயே கொடுத்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்