ஞாயிறு மட்டும் என்று எழுதிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வைட்டமின் டி குறைந்தால் சர்க்கரை நோய், மாரடைப்பு, புற்றுநோய் எல்லாம் வரும், மாத்திரை போட்டால் தடுத்துவிடலாம் என்று தங்கள் இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. இந்த நோயாளிகள் பலருக்கு ரத்தத்தில் வைட்டமின் டி குறைவாக இருப்பது உண்மைதான். ஆனால் நோயில் விழுந்தவர் வெயிலில் நடமாடுவதில்லை. உடல் பருத்தவருக்கு அது கொழுப்பில் போய்த் தங்கிவிடுகிறது. குறைந்ததால் நோயா, நோயால் குறைந்ததா என்பது கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

கொடுத்தும் பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடந்த ‘வைட்டல்’ ஆய்வில் பாதிப் பேருக்குத் தினமும் 2,000 யூனிட், ஏறக்குறைய ஐந்தாண்டு. 2018-இல் வெளியான முடிவு: புற்றுநோயும் மாரடைப்பும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிடக் குறிப்பிடும்படி குறையவில்லை. வைட்டமின் டி குறைவால் குழந்தைகளுக்குக் கால் எலும்பு வளையும் ரிக்கெட்ஸுக்கும், பெரியவர்களுக்கு எலும்பு மென்மையாகும் நோய்க்கும் இது அருமருந்து. அதை யாரும் மறுக்கவில்லை.

என் கவலை அளவைப் பற்றியது. நம் மருந்துக் கடைகளில் அதிகம் விற்பது 60,000 யூனிட் பவுடர் பாக்கெட் அல்லது கேப்சூல். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) பரிந்துரைக்கும் அளவு நாளுக்கு 600 யூனிட். அதாவது ஒரு பாக்கெட்டில் நூறு நாள் தேவை அடங்கியிருக்கிறது. குறைபாடு உள்ளவருக்கு வாரம் ஒன்றாக எட்டு வாரம் என்று எழுதித் தருவது வழக்கம். ஆனால் சிலர் பிரஷர் மாத்திரையைப் போல இதையும் தினமும் சாப்பிட்டுவிடுகிறார்கள். ஒரு மாதத்தில் 18 லட்சம் யூனிட்! கொழுப்பில் கரையும் வைட்டமின் என்பதால் மிச்சம் சிறுநீரில் போய்விடாது. ரத்தத்தில் கால்சியம் ஏறும். வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், பேச்சில் குழப்பம், கடைசியில் சிறுநீரகப் பாதிப்பு. வயதானவர் என்றால் ‘கேஸ்’ (வாயுத் தொல்லை) என்றோ முதுமை என்றோ வீட்டில் விட்டுவிடுவார்கள். மருந்தை நிறுத்தினாலும் உடனே இறங்காது, வாரக்கணக்கில் நீடிக்கும். இந்த அறிகுறிகள் தெரிந்தால் மருத்துவரிடம் பாக்கெட்டைக் காட்டி, ரத்தத்தில் கால்சியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் இரண்டையும் பார்க்கச் சொல்ல வேண்டும். கூடவே கால்சியம் மாத்திரையோ, தயாசைடு வகை (சிறுநீரைப் பெருக்கும்) பிரஷர் மாத்திரையோ சாப்பிடுபவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல்.

மொத்தமாக ஏற்றிவிட்டால் நல்லது என்பதும் தவறு. ஆஸ்திரேலியாவில் 70 வயது கடந்த பெண்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். விழுவதும் எலும்பு முறிவும் அதிகமாயின. 2010-இல் வெளிவந்த முடிவு இது.

கைக்குழந்தைக்கான சொட்டு மருந்திலும் கவனம் தேவை. தேவை நாளுக்கு 400 யூனிட். சில பாட்டிலில் அது 1 மி.லி., சிலவற்றில் அரை மி.லி. பாட்டிலை மாற்றினால் லேபிளை மறுபடி படித்து, அதனுடன் வந்த சொட்டுக்குழாயையே பயன்படுத்த வேண்டும்.

மருத்துவர்கள் சீட்டில் ‘ஞாயிறு மட்டும், சாப்பாட்டுக்குப் பின்’ என்று தமிழில் எழுதலாம். கடைக்காரர் ஒரு தடவைக்கு நான்கு பாக்கெட் மட்டும் கொடுத்து, ஒவ்வொன்றிலும் தேதியைப் பேனாவால் குறித்துவிடலாம்.

ஒரு மருந்தாளுநர்,
திருச்சி