தலைமன்னாரை இரண்டு வரியில் முடிக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

மன்னார் தீவைப் பற்றிக் கடந்த ஞாயிறு வந்த கட்டுரையை வாசித்தேன். 1560இல் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை, பள்ளிமுனைப் பெருக்கமரம், தெருவில் திரியும் கழுதைகள் எல்லாம் இருந்தன. பேசாலை மீனவர்களையும், 1990இல் விரட்டப்பட்டுத் திரும்பி வந்து குடியேறிய எருக்கலம்பிட்டி முஸ்லிம்களையும் மறக்காமல் எழுதியது நல்லது. ஆனால் தீவின் மேற்குக் கோடியில் இருக்கும் தலைமன்னார் வந்ததும் "அழகிய கடற்கரை" என்று இரண்டு வரியில் முடித்துவிட்டார்கள். மலையகத்தில் பிறந்த எனக்கு அது மனதில் தைத்தது.

தோட்டங்களில் வேலை செய்யத் தமிழ்நாட்டிலிருந்து எங்கள் ஆட்கள் இந்தத் தீவு வழியாகத்தானே வந்தார்கள்? கோப்பிக் காலத்தில் தோணியில் வந்து மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் கப்பல் ஓடத் தொடங்கியது. இக்கரையில் இறங்கியதும் கோச்சி, அதாவது ரயில். அப்புறம் எங்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு நாட்டு அரசுகளும் செய்த 1964 ஒப்பந்தம் வந்தது. வந்த வழியாலேயே எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். அந்த டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்துபோனதால், பிறகு கப்பல் இராமேஸ்வரத்துக்குப் போனது.

என் அத்தை 1971இல் அப்படிப் போனவர். வழியனுப்ப அப்பா தலைமன்னார் வரை போனார். கொழுந்து பறிக்கையில் மழைக்குப் போர்த்தும் கறுப்புக் கம்பளியைக் கப்பல் ஏறும் முன் அப்பாவிடம் கொடுத்தாராம். "அங்கிட்டு வெயில்தானே தம்பி. புள்ளைகளுக்குப் போத்தி விடு." தோட்டத்து லயத்து வீட்டில் நானும் தங்கச்சியும் அதற்குள்தான் தூங்கினோம். மழை வாடையும் கொழுந்து வாடையும் அதைவிட்டுப் போகவே இல்லை.

2015இல் தலைமன்னாருக்குக் கோச்சி மறுபடி ஓடத் தொடங்கிய பிறகு ஒருமுறை போனேன். பழைய இறங்குதுறையின் இரும்பெல்லாம் துருப்பிடித்துக் கிடக்கிறது. அப்பால் மணல்திட்டுகள், அவற்றையும் தாண்டி, முப்பது கிலோமீற்றர் அளவில் தனுஷ்கோடி. வலை தைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என் பேச்சை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். "மலைநாட்டு ஆக்களோ? அந்தக் காலத்தில உங்கட சனம் இந்த மணல்ல இருந்து அழுததை நான் கண்டிருக்கிறன்" என்றார்.

கப்பல் 1984இல் நின்றது. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள், கோச்சி ஓட்டியவர்கள், அந்தப் பெரியவரைப் போல மணலில் நின்று பார்த்தவர்கள் எல்லாம் இப்போது வயதானவர்கள். அவர்கள் இருக்கும்போதே உங்கள் நிருபரை இன்னொரு தடவை தலைமன்னாருக்கு அனுப்புங்கள். எங்கள் தோட்டங்களுக்கும் அனுப்புங்கள். அத்தையின் கம்பளியை எடுத்து வைத்திருப்பேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
ஹட்டன்.