செங்டூவிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பா,

சீனாவில் இந்தச் செங்டூ நகருக்கு வந்து ஐந்து நாள் ஆகிறது. அம்மாவுக்குத் தினமும் போனில் ஒரே கேள்வி, சாப்பாடு எப்படி என்று. காரம் நமக்குப் பழக்கம்தானே என்று தைரியமாகத்தான் உட்கார்ந்தேன். முதல் நாள் மாபோ தோஃபு, சோயா பன்னீர்க் குழம்பு. சிவப்பு எண்ணெய் தளதளவென்று கொதிக்க, புளிக்கவைத்த மிளகாய் விழுது, கொத்துக்கறி, மேலே பழுப்பாக ஒரு பொடி. இரண்டாம் வாய்க்கே உதடு மரத்துவிட்டது. பல் டாக்டர் ஊசி போட்ட மாதிரி. ஆனால் உள்ளே பொடிப்பொடியாக ஒரு துடிப்பு, எலுமிச்சைத் தோல் வாசனையோடு. அந்தப் பொடிதான் ஹுவாஜியாவ். மிளகு என்பார்கள், மிளகே இல்லை, நாரத்தை, எலுமிச்சைக் குடும்பம். மிளகாய் நமக்கு வந்த மாதிரியே இவர்களுக்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்ததுதான். இது அதற்குப் பல நூற்றாண்டு முன்பிருந்தே இந்த மண்ணில் இருக்கிறது.

1862 வாக்கில் ஒரு பாலத்தடிக் கடையில், எண்ணெய் சுமப்பவர்களுக்காக, முகத்தில் அம்மைத் தழும்பு உள்ள ஒரு பெண்மணி செய்து போட்டதாம் இந்தத் தோஃபு. ‘மா’ என்றால் தழும்பு. மரத்துப்போவதற்கும் அதே எழுத்துதான்.

மக்கள் பூங்காவில் 1923-இலிருந்து நடக்கும் ஹேமிங் டீக்கடையில் மூங்கில் நாற்காலி போட்டுப் பாதி ஊர் உட்கார்ந்திருக்கிறது. அங்கே ஒரு பெரியவரிடம், அந்தப் பாலத்தடித் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். அப்போதே உங்கள் ஞாபகம் வந்துவிட்டது.

அவர் சொன்ன பெயர் துஜியாங்யான், பழைய பாசன அமைப்பு உள்ள ஊர். நேற்று ரயிலேறி அரைமணி நேரத்தில் அங்கே போனேன். கி.மு. 256 வாக்கில் லி பிங் என்ற ஆளுநர், மின் என்ற ஆற்றைத் தடுத்து நிறுத்தாமலே பிரித்துவிட்டிருக்கிறார். ஆற்று நடுவே மீன் வாய் போலக் கூராக ஒரு திட்டு. அந்தக் காலத்தில் மூங்கில் கூடைகளில் கல் நிரப்பிப் போட்டது. உள் ஆறு பாசனத்துக்கு, வெளி ஆறு வெள்ளத்துக்கு. வெடிமருந்து கிடையாது. பாறையைத் தீயில் காய்ச்சி, தண்ணீர் ஊற்றிப் பிளந்தே மலையை வெட்டி வழி விட்டிருக்கிறார்கள். இன்றும் ஆறு லட்சம் ஹெக்டேருக்கு மேல் பாய்கிறது.

உங்களிடம் சொல்லியே ஆக வேண்டியது தூர் வாருகிற கணக்கு. உள் ஆற்றின் அடியில் இரும்புத் தண்டுகளைப் புதைத்து வைத்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் தண்ணீரைத் திருப்பிவிட்டு, தண்டு கண்ணில் படும்வரை மணலை வெட்ட வேண்டும். மேலேயே நிறுத்தினால் வயலுக்குத் தண்ணீர் பற்றாது, கீழே போனால் வெள்ளம் உள்ளே வந்துவிடும். ‘ஆழத் தூர் வாரு, கலிங்கைத் தாழக் கட்டு’ என்று கோயில் சுவரில் வெட்டி வைத்திருக்கிறார்கள். நம் வாய்க்கால் கரையில் நின்று, “இன்னும் ஒரு முழம் வெட்டுங்கப்பா” என்று தொண்டை வற்றக் கத்துவீர்களே, அந்தக் குரல்தான் எனக்குக் கேட்டது. சுவர் முன்னால் வெகுநேரம் நின்றேன்.

சம்பா அறுப்பு முடிந்ததும் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போடுங்கள். ஏப்ரல் தொடக்கத்தில் இங்கே தண்ணீர் திறப்பு விழா. முக்காலி போலக் கட்டிய மரத் தடுப்பைக் கயிறு வெட்டிச் சாய்த்துத் தண்ணீர் விடுவார்கள். நீங்கள் அதைப் பார்க்க வேண்டும்.

ஹுவாஜியாவ் கால் கிலோ வாங்கியிருக்கிறேன். குழம்பில் போடும் முன் ஒன்றே ஒன்றை வாயில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள் அம்மாவை.

அன்புடன்,
உங்கள் மகள்