பதினைந்தாம் நாள்

என் அன்பு மகளுக்கு,

கர்த்தருடைய சமாதானம் உன்னோடு இருப்பதாக. அப்பாவும் நானும் நலம்.

நேற்று போனில் நீ பேசியதிலிருந்து எனக்கு உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. இரண்டு வார ஊழியப் பயணம், வண்டி போகாத கிராமங்கள், பிள்ளைகளுக்கு வி.பி.எஸ் என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி, ஒரு நாள் மருத்துவ முகாம் என்று நீ அடுக்கிக்கொண்டே போனாய். நான் "சரி, சரி" என்று மட்டும் சொன்னேன். அம்மாவுக்கு இஷ்டமில்லையோ என்று அப்புறம் அப்பாவிடம் கேட்டாயாம். இஷ்டமில்லாமல் இல்லை, கண்ணு. நீ முகாம் என்று சொன்னதும் எனக்கு ஒரு முகம் ஞாபகம் வந்துவிட்டது. அதோடு பேச்சு வரவில்லை.

உன் வயதில் நானும் இப்படி ஒரு குழுவோடு போயிருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். அங்கே நடந்த ஒன்றை மட்டும் உன்னிடம் சொன்னதில்லை. நர்சிங் முடித்த வருடம் அது. ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் மேஜை போட்டு, காலையிலிருந்து ஆட்களைப் பார்த்தோம். சாயங்காலம் கடையைக் கட்டுகிற நேரத்தில் ஒரு பெரியவர் வந்தார். ரத்த அழுத்தம் பார்த்தேன். 190-க்கு 110. நம்பாமல் இரண்டாவது முறை பார்த்தேன், அதேதான். அவர் வாழ்நாளில் யாரும் அவருக்கு அதைப் பார்த்ததில்லை. டாக்டர் மாத்திரை எழுதினார். எங்களிடம் இருந்தது பதினான்கு. அவருக்கு வாசிக்கத் தெரியாது என்பதால், காகித உறையின் மேல் ஒரு சூரியன் உதிக்கிற மாதிரி படம் வரைந்து, காலையில் ஒன்று என்று கையால் காட்டிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அந்தச் சூரியனை வரைந்ததில் எனக்கு அன்று எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஊருக்கு வந்து சபையில் சாட்சி சொன்னபோது அதையும் சொன்னேன்.

அடுத்த வருடம் வேறு ஒரு குழு அங்கே போனது. அந்தப் பெரியவருக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்து, பேச்சும் போய்விட்டது என்று வந்து சொன்னார்கள். மாத்திரை தீர்ந்ததும் வியாதியும் தீர்ந்தது என்று நினைத்திருக்கிறார். வெறும் உறையைத் தலைமாட்டில் பத்திரமாக வைத்திருந்தாராம். மாத்திரை நின்றதால்தான் அப்படி ஆனது என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த மாத்திரை ஆயுசுக்கும் போடவேண்டியது என்று எனக்குத் தெரியும். அதே மாத்திரை கிடைக்கிற சுகாதார நிலையம் ஒன்று பதினெட்டு கிலோமீட்டரில் இருந்தது என்பது எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் நான் யாரிடமும் கேட்கவில்லை. அந்த ஊரிலேயே தங்கி ஊழியம் செய்கிற சகோதரர் என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். அவரிடம் கேட்டிருந்தால் அடுத்த மாதம் தன்னோடு அந்தப் பெரியவரைக் கூட்டிக்கொண்டு போயிருப்பார். பதினைந்தாம் நாள் இவர் என்ன செய்வார் என்று எங்கள் குழுவில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அதனால் உன்னிடம் நான் கேட்டுக்கொள்வது இந்த ஒன்றைத்தான். அங்கே நீ எதைச் செய்தாலும், எதைக் கொடுத்தாலும், யாரிடம் என்ன சொன்னாலும், நீ கிளம்பி வந்த பிறகு பதினைந்தாம் நாள் அது என்னவாகும் என்று யோசித்துச் செய்.

பதினைந்து நாளில் என்ன ஊழியம் செய்துவிட முடியும் என்று கேட்கிறவர்கள் உண்டு. நம் சபையிலும் உண்டு. நான் அவர்கள் பக்கம் இல்லை. ஜார்ஜ் வெர்வர் 1957-ல் கல்லூரி மாணவராக இருந்தபோது இரண்டு நண்பர்களோடு மெக்சிகோவுக்குப் போனது ஒரு கோடை விடுமுறையில்தான். அதிலிருந்துதான் ஆப்பரேஷன் மொபிலைசேஷன் என்கிற மிஷனரி இயக்கம் வளர்ந்தது. ஆண்டவரும் எழுபது பேரை இரண்டிரண்டு பேராக அனுப்பினார், அவர்களும் போய்த் திரும்பி வந்தவர்கள்தான். லூக்கா சுவிசேஷம் 10-ஆம் அதிகாரத்தைக் கிளம்புவதற்கு முன் நிதானமாக வாசி. தாம் போகவிருந்த ஊர்களுக்குத்தான் அவர்களை முன்னால் அனுப்பினார். அதாவது அவர்களுக்குப் பின்னால் அவர் வருகிறார். இந்த வசனத்தை எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன், அந்தப் பெரியவருக்கு அப்புறம்தான் எனக்கு இது உறைத்தது. வேலையைத் தொடங்கி முடிக்கிற ஆள் நீ இல்லை, உனக்குப் பின்னால் வருகிறவர் இருக்கிறார். கூடவே, வீட்டுக்கு வீடு மாறிக்கொண்டிருக்காமல் ஒரே வீட்டில் தங்குங்கள், அவர்கள் முன்னால் வைப்பதைச் சாப்பிடுங்கள் என்றும் சொல்லி அனுப்பினார். உன்னை வீட்டில் ஏற்றுக்கொள்கிறவர்களின் கையை எதிர்பார்த்து இரு என்றுதான் எனக்கு அது கேட்கிறது. நாம் கொடுக்கப் போகிறோம் என்றே கிளம்பினால் வாங்கிக்கொள்ளத் தெரியாமல் போய்விடும்.

அப்போஸ்தலர் பவுலைப் பார். லீஸ்திராவில் கல்லெறிந்து, செத்தான் என்று ஊருக்கு வெளியே இழுத்துப் போட்டார்கள். அதே லீஸ்திராவுக்குத் திரும்பிப் போனார். அப்புறமும் தன்னோடு ஊழியம் செய்த பர்னபாவிடம், நாம் வசனம் சொன்ன ஊர்களிலெல்லாம் சகோதரர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று போய்ப் பார்ப்போம் என்கிறார். எப்படி இருக்கிறார்கள் என்ற அந்தக் கேள்வியை உன் குழுவில் ஒருவராவது கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும். அது நீயாக இரு.

போனதும் முதல் வேலையாக, அந்த ஊர் ஊழியரையும் அவர் மனைவியையும் உட்காரவைத்து, உங்களுக்கு எங்களால் என்ன ஆகவேண்டும் என்று கேளுங்கள். இந்தக் கேள்வியை இப்போதே, மூட்டை கட்டுவதற்கு முன்னால், போனில் கேட்டுவிட்டால் இன்னும் நல்லது. நீங்கள் ஆலயச் சுவருக்குப் பூச்சு வேலை செய்யப்போவதாகச் சொன்னாய். அந்த ஊரிலேயே கொத்தனார் இருக்கலாம். அவருக்கு அது இரண்டு வாரக் கூலி. அவர் பூச, நீங்கள் அவருக்குச் சித்தாள் வேலை பார்த்தால் சுவரும் நிற்கும், அவருக்கும் மரியாதை. வருடம் முழுக்க அங்கே தனியாக நிற்கிற அந்த ஊழியரின் மனைவிக்கு ஒருவேளை உங்கள் சுவர் வேலை எதுவும் வேண்டாம், ஒரு மத்தியானம் யாராவது உட்கார்ந்து அவர்கள் பாரத்தைக் கேட்டு, கூட ஜெபித்தால் போதும் என்றிருக்கும். நான் போன மூன்று பயணத்திலும் இதுதான் கடைசியில் நினைவில் நின்றது.

மொழி தெரியாதே என்று கவலைப்பட்டாய். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கினபோது அவருக்குத் தமிழ் தெரியாது. சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்து எழுதிப் படித்தார். 1715-ல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி வந்துவிட்டது. முப்பத்தாறு வயதில் இறந்தும் போனார். உனக்கு இருப்பது இரண்டே வாரம், சரி. இருபது வார்த்தையாவது அந்தப் பிள்ளைகளிடமே கற்றுக்கொள். நீ தப்பாகச் சொல்லும்போது அவர்கள் சிரித்துத் திருத்துவார்கள். அந்த நேரத்தில் அவர்கள் டீச்சர், நீ பிள்ளை. மொழிபெயர்க்கிற ஆள் வைத்துப் பேசும்போது வாக்கியத்தைச் சின்னதாக வை. அவரைப் பார்த்துப் பேசாதே, கேட்கிறவர்களைப் பார்த்துப் பேசு.

பிள்ளைகள் விஷயம் உன் கையில் வருவதால் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். எந்தப் பிள்ளையோடும் தனியாக இருக்காதே, உன் குழுவில் யாரையும் அப்படி இருக்க விடாதே. எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்கவேண்டும். பெற்றவர்களிடம் கேட்காமல் போட்டோ எடுக்காதே. மூக்கு ஒழுகிக்கொண்டு, கிழிந்த சட்டையோடு நிற்கிற பிள்ளையைப் படம் எடுத்து ஊருக்கெல்லாம் காட்ட நினைக்கும்போது, அந்த இடத்தில் உன்னை நிற்கவைத்து யாராவது எடுத்திருந்தால் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசி. மிட்டாயோ பொம்மையோ கொண்டுபோனால் நீ உன் கையால் கொடுக்காதே. அங்கே இருக்கிற ஞாயிறு பள்ளி ஆசிரியையிடம் கொடுத்துவிடு, அவர்கள் கொடுக்கட்டும். நீ வந்த பிறகும் அந்தப் பிள்ளைகள் அவர்களிடம்தானே போகவேண்டும்? கடைசி நாளில் மடியை விட்டு இறங்க மாட்டார்கள், மறுபடி எப்போது வருவீர்கள் என்று கேட்பார்கள். அழுகை வரும். வரட்டும். ஆனால் சீக்கிரம் வருவேன் என்று மட்டும் சொல்லாதே. உனக்காக ஜெபிப்பேன் என்று சொல், சொன்னால் செய்.

இன்னொன்றும் ஞாபகம் இருக்கிறது. என் இரண்டாவது பயணத்தில் ஒரு பெட்டி நிறைய வாசிக்கிற கண்ணாடி கொண்டுபோனோம். நாற்பது தாண்டினால் கிட்டத்தில் வைத்து வாசிக்க அநேகம் பேருக்கு வேண்டியதுதானே. ஒரு பாட்டியம்மா வேதாகமத்தைத் துணியில் சுற்றி இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தார்கள். ஒன்றரை பவர் கண்ணாடி போட்டுப் பார்த்தார்கள், தலையை ஆட்டினார்கள். இரண்டு, இல்லை. இரண்டரை போட்டதும் அசையாமல் உட்கார்ந்துவிட்டார்கள். அப்புறம் விரலை வரியின் மேல் வைத்து, ஒவ்வொரு எழுத்தாக உதட்டை அசைத்து வாசித்தார்கள். விரல் வரியின் கடைசிக்குப் போய், அடுத்த வரிக்கு இறங்குவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது, யாரும் அவர்களை எழுப்பவில்லை. அந்தக் கண்ணாடி பதினைந்தாம் நாளும் மூக்கின் மேல் இருந்திருக்கும்.

முகாம் நாளில் உன்னையும் உதவிக்கு நிறுத்துவார்கள். பிரஷர், சர்க்கரை உள்ளவர்களுக்குப் பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரியில் தொடர்ந்து பார்க்கலாம் என்று எழுதிக் கொடுக்கிற ஒரு சீட்டும், அந்த நோயாளிகளின் பெயர்கள் அடங்கிய ஒரு பட்டியல் ஊழியர் கையிலும் இருக்கும்படி பார்த்துக்கொள். அம்மாமார்களுக்கு, வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கிற ஓ.ஆர்.எஸ். உப்புத் தூளைக் கரைக்கக் கற்றுக்கொடு. ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் ஒரு லிட்டர் தண்ணீர்தான். கெட்டியாக இருந்தால் சத்து என்று நினைத்து ஒரு டம்ளரில் கரைத்துவிடுவார்கள், அது குழந்தைக்கு ஆபத்து. ஊரில் இருக்கிற ஒரு பாட்டிலை வைத்தே அளவைக் காட்டு. நீ கொண்டுபோகிற பாட்டில் உன்னோடு வந்துவிடும்.

உன் உடம்புக்கு வருகிறேன். டைபாய்டு ஊசியைக் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னாலாவது போட்டுவிடு. தண்ணீர் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவேண்டும், உயரமான மலை என்றால் மூன்று நிமிடம். நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு பதினைந்து நிமிடம் ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றே ஊசிக்குப் போ. ராத்திரி டார்ச் இல்லாமல் வெளியே கால் வைக்காதே. மலேரியா கொசு பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும் வரை கடிக்கும், கொசுவலையை ஓரம் சொருகிப் படு. மலேரியா வராமல் இருக்க டாக்டர் டாக்சிசைக்ளின் மாத்திரை கொடுத்திருந்தால் ஊருக்கு வந்த பிறகும் நான்கு வாரம் விடாமல் போடவேண்டும். வந்துவிட்டோமே என்று நிறுத்திவிடாதே. உனக்கும் ஒரு பதினைந்தாம் நாள் இருக்கிறது. அடுத்த ஒரு வருடத்துக்குள் எப்போது காய்ச்சல் வந்தாலும், இன்ன இடத்துக்குப் போயிருந்தேன் என்று டாக்டரிடம் முதலில் சொல்லிவிடு.

திரும்பி வந்ததும் சபையில் சாட்சி சொல்லச் சொல்வார்கள். எத்தனை பேர் கை தூக்கினார்கள், எத்தனை பேர் இயேசுவை ஏற்றுக்கொண்டார்கள் என்று எண்ணிக்கை கேட்பார்கள். விருந்தாளி மனம் நோகக்கூடாது என்றும் கை தூக்குகிறவர்கள் உண்டு, அது கர்த்தருக்குத் தெரியும். எழுபது பேரும் சந்தோஷமாகத் திரும்பி வந்து பெரிய காரியங்களைச் சொன்னபோது, உங்கள் பெயர் பரலோகத்தில் எழுதியிருப்பதற்காகச் சந்தோஷப்படுங்கள் என்றுதான் ஆண்டவர் சொன்னார். நீ அந்த ஊழியரைப் பற்றிச் சொல், அவர் பிள்ளைகளைப் பற்றிச் சொல், அந்தக் குடும்பத்துக்காக மாதம் ஒரு நாள் சபையாக ஜெபிப்போமா என்று கேள். நான் சூரியன் படத்தைச் சொல்லிவிட்டு உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்துவிடாதே.

ஒரு சின்ன நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன், தபாலில் அனுப்புகிறேன். அங்கே நீ யாரோடு பேசினாலும் பெயரை அதில் எழுது, பக்கத்தில் அவர்கள் எதற்காக ஜெபிக்கச் சொன்னார்கள் என்றும் எழுது. அந்தப் பெரியவரின் பெயரை நான் எழுதி வைக்கவில்லை. இத்தனை வருடமாக முகத்தை வைத்துத்தான் ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்.

சிக்னல் இல்லையென்றால் போன் செய்யப் பார்த்து அலையாதே, நாங்கள் பயப்பட மாட்டோம். நீ போகிற கிராமத்தின் பெயரை அப்பா நேற்றிலிருந்தே குடும்ப ஜெபத்தில் சொல்ல ஆரம்பித்துவிட்டார். சரியாகத்தான் சொல்கிறாரா என்று தெரியவில்லை, அங்கே போய் அவர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டுவந்து சொல்.

உன் அம்மா