விடுதலை ஆகிறவர் கையில் மருந்து எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பரோலில் வந்தவன் மறுபடியும் திருடிவிட்டான் என்ற செய்தி வந்தால் போதும், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள எங்கள் சாட்ஸ்வர்த்தில் "இவனை யார் வெளியே விட்டது?" என்ற கேள்வியோடு பேச்சு முடிந்துவிடுகிறது. செவிலியராக வேலை பார்த்து ஓய்வுபெற்ற எனக்கு வேறொரு கேள்வி உண்டு. வெளியே வந்த அன்று இரவு அவன் போட வேண்டிய மாத்திரையை யார் கொடுத்தார்கள்?

பரோலுக்கு முன்பு தங்கப்போகும் முகவரியை விசாரிக்கிறார்கள். அதே அக்கறை மருந்து விஷயத்திலும் இருக்க வேண்டும். விசாரணைக் கைதியின் பாடு இன்னும் மோசம். காலையில் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகிறார்கள், ஜாமீன் கிடைத்தால் அப்படியே வீட்டுக்குப் போய்விடலாம். மாத்திரை சிறையிலேயே கிடக்கும். சாதாரணக் காசநோய்க்கே வழக்கமாக ஆறு மாதம் மருந்து சாப்பிட வேண்டும். பாதியில் விட்டால் மருந்துக்கு அடங்காத கிருமி வளரலாம். அது மினிபஸ் டாக்சியில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் தொற்றும். அவர் எந்தக் குற்றமும் செய்யாதவராக இருக்கலாம்.

சிறையும் காசநோயும் நம் நாட்டுக்குப் புதிதல்ல. கேப் டவுனின் போல்ஸ்மூர் சிறையில் இருந்தபோதுதான் 1988-இல் மண்டேலாவுக்கே காசநோய் கண்டுபிடிக்கப்பட்டது. அதே சிறையில் விசாரணைக் கைதியாக இருந்து காசநோய் பிடித்த டட்லி லீயின் வழக்கில், அரசு பொறுப்பேற்க வேண்டும் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2012-இல் தீர்ப்பளித்தது.

போதைப் பழக்கத்துக்கு வருகிறேன், திருட்டோடு நேரடியாகத் தொடர்புள்ளது அதுதான். ஹெராயின் கலந்த 'சுகர்ஸ்' எங்கள் பகுதிப் பிள்ளைகளைச் சீரழித்தது ஊரறிந்த கதை. சில மாதம் உள்ளே இருந்தால் உடலின் தாங்குசக்தி குறைந்துவிடும், ஆசை மட்டும் குறையாது. வெளியே வந்து பழைய அளவையே எடுத்தால் உயிர் போகும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நடந்த ஆய்வு 2007-இல் வெளியானது: விடுதலையான முதல் இரண்டு வாரங்களில் இறக்கும் அபாயம் மற்றவர்களைவிட 12.7 மடங்கு; முதல் காரணம் போதைமருந்தின் அளவு மீறியது. சாகாமல் தப்பியவனுக்கும், போதைமருந்து கிடைக்காதபோது வரும் வாந்தியும் வலியும் பொறுக்காது. கைக்கு அகப்பட்ட செம்புக் கம்பியை வெட்டி விற்கப் போவான்.

இந்த வேதனையையும் ஆசையையும் அடக்க, ஹெராயினுக்குப் பதிலாக மருத்துவக் கண்காணிப்பில் கொடுக்கும் மெத்தடோன் என்ற மருந்து இருக்கிறது. மொரீஷியஸ் அதை 2006-இலேயே தொடங்கியது. நம் டர்பனிலும் 2020 ஊரடங்கின்போது வீடற்றோர் முகாம்களில் கொடுத்துக் காட்டினார்கள். ஆபத்துக் காலத்தில் முடிந்தது, சாதாரண நாளில் ஏன் எல்லா அரசு மருத்துவ நிலையங்களிலும் முடியாது?

"கைதிக்கு எதற்கு நம் வரிப்பணம்?" என்பார்கள். சிறையில் இருப்பவருக்கு அரசு செலவில் மருத்துவம் தர வேண்டும் என்று அரசியலமைப்பின் 35-ஆம் பிரிவு சொல்கிறது. வெளியே வந்துவிட்டால் 27-ஆம் பிரிவு எல்லோருக்கும் பொது. மாத்திரை கொடுத்தால் திருட்டே ஒழிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. வேலையும் வேண்டும்; ஆனால் குற்றப் பதிவு உள்ளவனுக்கு யார் வேலை தருகிறார்கள்? அன்னதானத்துக்கு ஆயிரம் பேரைக் கூட்டும் நம் கோயில் கமிட்டிகளும் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

சிறைத்துறையும் எங்கள் குவாசுலு-நடால் மாகாணச் சுகாதாரத் துறையும் கூடிப் பேசினால் போதும். விடுதலையாகிறவர் கையில் ஒரு மாத மருந்து, நோய் விவரம் எழுதிய ஒரு தாள், வீட்டுக்கு அருகிலுள்ள மருத்துவ நிலையத்தில் குறித்த தேதி. விசாரணைக் கைதிக்கு அந்தத் தாளை நீதிமன்றத்துக்குப் போகும் நாளிலேயே கொடுத்தனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
சாட்ஸ்வர்த், டர்பன்