அந்த ரயில் மெட்டு எலிங்டனுடையதன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் ஜாஸ் இசையமைப்பாளர் டியூக் எலிங்டனைப் பற்றி வெளிவந்த கட்டுரையை விருப்பத்தோடு வாசித்தேன். 1899இல் வாஷிங்டனில் பிறந்து, 1927இன் இறுதியில் நியூயோர்க்கின் கொட்டன் கிளப் என்ற இரவு விடுதியில் மேடையேறி, 1974இல் மறையும்வரை தமது வாத்தியக் குழுவைக் கலையவிடாமல் நடத்திய ஒருவரை எங்கள் வாசகருக்கு அறிமுகப்படுத்தியமைக்கு நன்றி. எனினும், ‘டேக் த ஏ டிரெயின்’ என்ற உருப்படியை அவரே இயற்றினார் என்று கட்டுரை கூறுவது தவறு. அதை இயற்றியவர், அவரோடு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் உழைத்த பில்லி ஸ்ட்ரேஹோர்ன்.

1941இன் தொடக்கத்தில், இசைப் படைப்பாளர் சங்கத்துக்கும் வானொலி நிலையங்களுக்கும் இடையே உரிமைப்பணம் குறித்து மூண்ட பிணக்கினால், சங்க உறுப்பினரான எலிங்டனின் சொந்த உருப்படிகளை வானொலியில் ஒலிபரப்ப முடியாமற் போயிற்று. உறுப்பினராகாத இளைஞர் ஸ்ட்ரேஹோர்னின் மெட்டுகளே அப்போது கைகொடுத்தன. நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதிக்கு எந்த ரயிலில் வரவேண்டும் என்று எலிங்டன் சொல்லிக்கொடுத்த வழியே இந்த மெட்டுக்குத் தலைப்பாயிற்று என்பர்.

இதைச் சிறு பிழையென்று தள்ள என்னால் முடியவில்லை. குழுவினருக்கு எழுதிக்கொடுத்த இசைத்தாள்களில், வாத்தியத்தின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வாசிப்பவரின் பெயரையே குறித்துவைத்தவர் எலிங்டன். 1927 முதல் கடைசிவரை அவரைவிட்டுப் பிரியாத ஹாரி கார்னியின் பரிடோன் சாக்ஸபோனை மனத்திற் கொண்டு எழுதிய பகுதியை வேறொருவர் வாசித்தால் அதன் நிறமே மாறிவிடும். கோயில் வீதியில் மேளச்சமா நடக்கையில், தேர்முட்டியடியில் கண்ணை மூடியிருந்தபடியே தவிலில் யார் கை விழுகிறது என்று சொல்லிவிடும் எங்கள் ஊரவருக்கு இதை விளக்கவேண்டியதில்லை. அவ்வாறு ஆளறிந்து எழுதியவரின் வரலாற்றிலேயே ஆள் மாறிவிடக் கூடாதல்லவா?

1963இல் அமெரிக்க அரசின் ஏற்பாட்டில் அவரது குழு மேற்கொண்ட ஆசியப் பயணத்தில் இலங்கையும் இடம்பெற்றதைக் கட்டுரை குறிப்பிடவில்லை. அப்பயணத்தின் பயனாக எலிங்டனும் ஸ்ட்ரேஹோர்னும் சேர்ந்து இயற்றிய ‘ஃபார் ஈஸ்ட் சூட்’ என்ற இசைத்தொகுப்பு 1966இன் இறுதியில் ஒலிப்பதிவாயிற்று. அதன் ஒரு பகுதியில், டெல்லியில் கேட்ட மைனாவின் குரலை குழுவினரான ஜிம்மி ஹாமில்டனின் கிளாரினெட் திரும்பத் திரும்பக் கூவுகிறது.

அடுத்த இதழில் ஸ்ட்ரேஹோர்னின் பெயரோடு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். 1963இல் அக்குழுவை நேரிற் கேட்டவர் எவரேனும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இருப்பின், தங்கள் பத்திரிகைக்கு எழுதினால் மகிழ்வேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற இசை ஆசிரியர்,
இணுவில்.